பள்ளிக்குப் பக்கமா, அலுவலகத்துக்குப் பக்கமா, தள்ளிப்போய்ப் பெரிய வீடா?

பிள்ளைகளோடு ஊர் மாறுவது என்று முடிவானதும் வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி, "எத்தனை படுக்கையறை?" என்பதுதான். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்போது மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. ஆளுக்கொரு அறை வேண்டும், வாசலில் ஓடி விளையாட இடம் வேண்டும், வாடகை கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் மனதில் வைத்துத் தேடினால் எந்த ஊரானாலும் ஊரின் விளிம்பில்தான் போய் நிற்போம். நாங்களும் அங்கேதான் போனோம். இரண்டு வருடம் இருந்துவிட்டு, பள்ளிக்கு அருகில் இதில் பாதிதான் இருக்கும் என்று சொல்லும்படியான ஒரு வீட்டுக்கு மாறினோம். இரண்டையும் வாழ்ந்து பார்த்தபிறகு எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை: வீடுகளை ஒப்பிடும்போது சதுர அடியைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த வீட்டில் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று மணிக்கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும்.

பொதுவாக முன்னால் நிற்பவை மூன்று. பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் சின்ன வீடு. பெற்றோரின் வேலையிடத்துக்குப் பக்கத்தில் வீடு. ஊருக்கு வெளியே விசாலமான வீடு. தாத்தா பாட்டி இருக்கும் தெருவிலேயே வீடு என்று நான்காவது வழியும் சிலருக்கு உண்டு. அது அமைந்தால் மேலே உள்ள கணக்கில் பாதி தானாகத் தீர்ந்துவிடும், அவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது.

நேரத்தில் தொடங்குவோம்

விளிம்பு வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு வழிக்கு 45 நிமிடம். இப்போதுள்ள வீட்டிலிருந்து நடந்து 10 நிமிடம். போக வர ஒரு நாளைக்கு 70 நிமிட வித்தியாசம். பள்ளி நடக்கும் நாட்கள் வருடத்துக்கு 200 என்று வைத்தால் 233 மணி நேரம். இரவு பகல் சேர்த்து எண்ணினால் பத்து நாளுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு வருடமும் பிள்ளை அந்தப் பத்து நாளை வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து கழிக்கிறது.

அந்த நேரம் எங்கிருந்து வெட்டப்படுகிறது என்பதுதான் முக்கியம். பள்ளி நேரத்தில் யாரும் கைவைக்க முடியாது, வீட்டுப்பாடத்திலும் முடியாது. மிச்சமிருப்பது தூக்கமும் விளையாட்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வரையறுத்தது. காலை 5:45-க்கு எழுப்ப வேண்டிய பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் கிடைக்க வேண்டுமானால் இரவு 8:45-க்கு கண் அசந்திருக்க வேண்டும். அப்பா வீடு திரும்புவதே எட்டரைக்கு என்றால் எந்தப் பிள்ளை 8:45-க்குத் தூங்கும்?

எங்கள் வேன் 6:50-க்கு வரும். மகன் ஒரு காலில் சாக்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே சோபாவில் சாய்ந்து தூங்கியிருப்பான். கையிலிருந்து உருவி நான்தான் மாட்டிவிடுவேன், அப்போதும் விழிக்க மாட்டான். தனி அறை இருந்தது, மேசை இருந்தது, அலமாரி இருந்தது. அந்த அறையில் அவன் விழித்திருந்த நேரம் சனி, ஞாயிறு மட்டும்தான்.

பெரிய வீட்டுக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு

தள்ளியிருக்கும் வீட்டை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. சத்தத்திலும் காற்றிலும் பல நேரம் அதுதான் ஜெயிக்கும்.

நியூயார்க்கில் ஒரு பள்ளி, உயரப் பாலத்தில் ஓடும் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வகுப்பு நடக்கும்போது நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரயில் போகும், ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஆர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர், பாதையைப் பார்த்த வகுப்பறைகளில் படித்த பிள்ளைகளையும் கட்டடத்தின் மறுபக்கம் படித்த பிள்ளைகளையும் வாசிப்புத் திறனில் ஒப்பிட்டு 1975-ல் வெளியிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு ரப்பர் பட்டை போட்டு, வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை பொருத்திய பிறகு அந்த இடைவெளி மறைந்துபோனது. ஒரே பள்ளி, ஒரே பாடத்திட்டம். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

காற்றும் அப்படித்தான். தெற்கு கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2007-ல் வந்தது. விரைவுச் சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வசித்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, 1500 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே பள்ளிக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகப் பேருந்துகள் இரையும் முதன்மைச் சாலையின் மேலேயே வீடு பிடித்தால், விளிம்பு வீடு எவ்வளவோ மேல் என்பேன். பள்ளிக்கு ஐந்து நிமிடத்தில் சாலையோர வீடு, பத்து நிமிடத்தில் உள்தெரு வீடு என்று இரண்டு கிடைத்தால் யோசிக்காமல் உள்தெருவுக்குப் போங்கள்.

வெளியில் விளையாட இடம் உண்டு என்பது பெரிய வீட்டுக்குச் சொல்லப்படும் அடுத்த காரணம். வெளிச்சத்தில் விளையாடுவது கண்ணுக்கே நல்லது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விடப்பட்ட பிள்ளைகளில் மூன்று வருடத்தில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்கு வந்தது. ஆனால் வாசலில் இடம் இருந்தால் போதாது, பிள்ளை வீடு வந்து சேரும்போது வெளிச்சமும் இருக்க வேண்டுமே. எங்கள் வாசல் பெரியது. ஐந்தே கால் மணிக்கு மேல் களைத்து வந்து இறங்கும் பிள்ளைக்கு அதில் ஓடத் தெம்பில்லை. ஒருநாள் இருந்தாலும், கூட ஓட ஆளில்லை. வகுப்புத் தோழர்கள் எல்லோரும் 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள்.

தெருவில் யார் இருக்கிறார்கள்

வாடகை, தூரம், பள்ளியின் பெயர் எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம் தெருவை விசாரிப்பதில்லை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர் சான்பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். வீடுகளும் மக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வாகனப் போக்குவரத்து மட்டும் வேறு. ஒன்றில் நாளுக்கு 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி நெருக்கமான தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9.

புது ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு இந்த எண்ணிக்கை வெறும் சமூகவியல் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வரும்போது, நீங்கள் வந்து சேரும்வரை யார் வீட்டில் உட்காரவைக்கலாம் என்பது இதில்தான் இருக்கிறது. பழைய ஊரில் அப்படிப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். புது ஊரில் ஒருவர் கிடைக்கவே ஆறு மாதம் ஆகும். தெரு உதவினால் சீக்கிரம் கிடைப்பார்.

அலுவலகத்துக்குப் பக்கம்

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. புரூனோ ஃபிரே, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவை ஆராய்ந்து, வேலைக்கு அதிக நேரம் பயணிப்பவர்கள் வாழ்க்கையில் குறைவான திருப்தியோடு இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். நல்ல சம்பளமோ நல்ல வீடோ அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. களைத்து வரும் அம்மா அப்பாவிடம் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனாலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும்வரை இதை இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். பெற்றோர் இருவருக்கும் வேலை என்றால் அநேகமாக இரண்டு திசை, ஒருவருக்குத்தான் பக்கம் அமையும். தவிர, வேலை மாறும், அலுவலகமே இடம் மாறும். பள்ளியை நாம் அப்படி மாற்றுவதில்லை, மாற்றவும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்றுதான்: இருவரில் ஒருவராவது அரை மணி நேரத்துக்குள் பள்ளி வாசலை எட்ட முடிய வேண்டும். இரவு வேலை உள்ள குடும்பத்துக்கும், பிள்ளைகள் இன்னும் பள்ளியில் சேராத குடும்பத்துக்கும் அலுவலகப் பக்கமே சரி.

நல்ல பள்ளிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்

பேர்போன பள்ளியைச் சுற்றி வீட்டு விலை ஏறும் என்பது ஊருக்கு ஊர் உள்ளதுதான். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-ல் இதை அழகாக அளந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். தெருவும் சூழலும் ஒன்று, சேரும் பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள்.

கொடுப்பது சரியா என்றால், முகவரியை வைத்துச் சேர்க்கை தரும் இடங்களில் ஓரளவு சரி. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் பள்ளியிடமே எழுத்தில் கேளுங்கள்: இந்த முகவரி உங்கள் எல்லைக்குள் வருமா, இந்த வகுப்பில் இடம் இருக்கிறதா, தம்பி தங்கைக்கும் இடம் உண்டா, பள்ளி எந்த வகுப்புவரை? கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்கத் தவறினோம். வீட்டுத் தரகர் "பள்ளி பக்கத்திலேயே இருக்கு" என்று சொன்ன ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போடவிருந்த அன்று, அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது என்று தெரியவந்தது. மகளுக்கு அங்கே ஒரு வருடம்கூட மிச்சமில்லை.

மதிப்பெண் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பள்ளிக்கு ஒரு மணி நேரப் பயணம், ஒழுங்காக நடக்கும் சாதாரணப் பள்ளிக்குப் பத்து நிமிட நடை என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பெயரும் கட்டடமும் பிள்ளையின் படிப்பில் செய்யும் வித்தியாசத்தைவிட வீட்டுச் சூழல் செய்யும் வித்தியாசம் பெரிது என்று 1966-லேயே ஜேம்ஸ் கோல்மன் குழு அமெரிக்க அரசுக்கு அறிக்கை கொடுத்தது. பிள்ளையோடு உட்காரும் மாலை நேரத்தைப் பயணத்துக்குக் கொடுத்துவிட்டு எந்தப் பள்ளியை வாங்கி என்ன?

பிள்ளையின் வயது எல்லாக் கணக்கையும் மாற்றும்

1990-களில் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் இடம்பெயர உதவி கொடுத்தார்கள். ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபின் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் நல்ல பகுதிக்கு மாறிய பிள்ளைகளின் வருமானம் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடியிருந்தது. அதற்குமேல் வயதானபின் மாறியவர்களுக்குப் பலன் இல்லை, சற்றுப் பாதகமாகவே இருந்தது. கடும் வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் கதை இது, எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் வயதைப் பற்றி அது சொல்வதை என் வீட்டிலேயே பார்த்தேன். மகனுக்குப் புது இடம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மகள் இரண்டு மாதம் பழைய தோழிகளின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே சின்னப் பிள்ளைகள் என்றால் பகுதியை முதலில் பாருங்கள், பெரிய மாற்றத்துக்கும் துணியலாம். பதின்வயதுப் பிள்ளை இருந்தால், முடிந்தவரை பள்ளியை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றுங்கள். ஊரே மாற வேண்டியிருந்தால், யார் துணையும் இல்லாமல் பிள்ளை தானாகவே பள்ளிக்கும் மைதானத்துக்கும் நூலகத்துக்கும் தோழர் வீட்டுக்கும் போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். பதினான்கு வயதில் ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் வண்டியை எதிர்பார்க்கும் பிள்ளை, கேட்கவே கூச்சப்பட்டு வீட்டுக்குள் ஒடுங்கிவிடும்.

எதை எடுத்தாலும் முதல் வருடம் வாடகைக்கே இருங்கள். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று எல்லாத் தெருவும் அமைதி, எல்லாச் சாலையும் காலி. வேலை நாளில் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் நடந்து போகிறார்கள், எந்தத் தெருவுக்குள் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தெருவில் வீடு தேடுங்கள். இரவு பத்து மணிக்கு ஒருமுறை பிள்ளைகள் படுக்கப்போகும் அறையில் விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

இப்போதுள்ள வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே அறை. நடுவில் அலமாரியைத் திருப்பிவைத்துத் தடுப்பு கட்டியிருக்கிறோம். அந்தப் பக்கம் விளக்கு எரிந்தால் இந்தப் பக்கம் சண்டை. இந்தக் குறையை மறைக்க விரும்பவில்லை, மகள் இன்னும் பழைய அறையைக் கேட்கிறாள். போன மாதம் ஒருநாள் 3:40-க்கு அழைப்பு மணி அடித்தது. நான் பள்ளிக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் மகனும் மகளும், பின்னால் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனும். "அம்மா, நாங்களே வந்துட்டோம்" என்றான். பையை வாசலிலேயே போட்டுவிட்டு அந்தப் பையனோடு திரும்ப ஓடினான். வெளிச்சம் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.