தரையா, பிளாஸ்டிக் சேரா, ஆபீஸ் சேரா? பத்துக்குப் பத்து ஹாலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஓர் அலசல்

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து வீடுகளில் பத்துக்குப் பத்து ஹாலில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் போக மிஞ்சுவது ஒரு மூலைதான். அங்கே எட்டு ஒன்பது மணி நேரம் லேப்டாப்போடு உட்கார மூன்று வழிகள் உண்டு: தரையில் கட்டில் மேசை (படுக்கையில் வைத்துக்கொள்ளும் குட்டை மேசை), சாப்பாட்டு மேசையோடு பிளாஸ்டிக் சேர், தனியாக வாங்கும் ஆபீஸ் சேர்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் செலவு தனி கீபோர்டுக்கும் மவுஸுக்கும் போகட்டும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும்; கண்ணுக்குச் சரியாக உயர்த்தினால் தோள் தூக்கும். எத்தனை ஆயிரம் கொடுத்துச் சேர் வாங்கினாலும் இது தீராது. சென்னையின் மின்னணுச் சாமான் சந்தையான ரிச்சி தெருவில் இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

தரையில் உட்கார்வதற்கு இடம் குறைவாகப் போதும். ஆனால் வெறும் பாயில் சம்மணம் போட்டால் இடுப்பு பின்பக்கம் சாய்ந்து முதுகு வளைந்துவிடும். மடித்த போர்வையை நான்கு அங்குல உயரத்துக்குப் போட்டு அதன் விளிம்பில் உட்காருங்கள். முழங்கால் இடுப்பை விடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். 10, 11 அங்குல உயரமுள்ள கட்டில் மேசை கீபோர்டுக்கு ஏறக்குறையப் பொருந்தும். லேப்டாப்பைப் புத்தக அடுக்கில் ஏற்றிவிடுங்கள். கால் மரத்துப் போவதுதான் இதில் பெரிய தொல்லை. முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே ஓடும் நரம்பு அழுந்துவது அதற்கு ஒரு காரணம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்ற வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் சேரைப் பலரும் குறைவாக எடைபோடுகிறார்கள். அதில் வலி வருவதற்குச் சேரை விட மேசைதான் காரணம். சாப்பாட்டு மேசையின் உயரம் ஏறக்குறைய 30 அங்குலம். சேரின் இருக்கை சுமார் 17. ஐந்தடி மூன்று அங்குலம் உள்ள ஒருவர் உட்கார்ந்தால் முழங்கை இருக்கையிலிருந்து 9 அங்குலம் மேலே, அதாவது தரையிலிருந்து 26-இல் நிற்கும். மேசை நான்கு அங்குலம் அதிகம். அந்த நான்கு அங்குலத்துக்காக நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வைத்திருப்பதால்தான் சாயங்காலம் பிடரி கல்லாக இறுகுகிறது.

சரிசெய்வது எளிது. ஒரே மாதிரி இரண்டு சேர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குங்கள். உயரமும் கூடும், இருக்கை நடுவில் தொய்வதும் குறையும். மீதி உயரத்துக்கு அழுத்தமான ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது) போடலாம். சாதாரண ஸ்பாஞ்ச் நான்கு அங்குலம் வாங்கினாலும் உட்கார்ந்ததும் இரண்டாகிவிடும், ஆகவே அளவை உட்கார்ந்து பார்த்தே எடுங்கள். இப்போது பாதம் தரையை விட்டு எழும்பும். தொங்கவிட்டால் தொடையின் அடிப்பக்கம் அழுந்திக் கால் வீங்கும். வீட்டில் இருக்கும் மரப்பலகையோ மணையோ போதும், பாதம் முழுதாகப் பதிய வேண்டும். குளியல் துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் செருகுங்கள். லேப்டாப்பை 8 முதல் 10 அங்குலம் உயர்த்தித் திரையின் மேல்விளிம்பைக் கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ வையுங்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் திரையை இன்னும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள்.

ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம்தான் வேலை என்றால் இதற்கு மேல் செலவு தேவையில்லை. முழு ஷிப்ட் என்றால் ஆபீஸ் சேர் தன் விலைக்கு நியாயம் செய்யும். உயரத்தை மாற்றலாம், சாயலாம். சாயும்போது முதுகெலும்பின் பாரத்தில் ஒரு பகுதி முதுகுச் சாய்வுக்குப் போகிறது. ஆனால் வடசென்னைக்கு எல்லாச் சேரும் ஒத்துவராது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் உப்புக்காற்றில் குரோம் பூசிய கால்கள் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், நைலான் கால் வாங்குங்கள். தோல் போலப் பளபளக்கும் மேலுறை இந்த ஈரப்பதத்தில் உரிந்து கொட்டும், முதுகிலும் வியர்வை தேங்கும். வலைத்துணி முதுகுதான் இங்கே சரி. மொசைக், டைல்ஸ் தரைக்குக் கடின நைலான் சக்கரத்தை விட ரப்பர் போல மென்மையான பியூ (பாலியூரித்தேன்) சக்கரம் நல்லது.

குள்ளமானவர்கள் இருக்கையின் ஆழத்தைப் பாருங்கள். முதுகு சாய்வில் பட உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாத சேரில் விளிம்பிலேயே உட்கார்வீர்கள், சாய்வு வீண். கைப்பிடி மேசையில் இடித்தாலும் அப்படித்தான்: மேசைக்குக் கிட்டே போக முடியாமல் குனிவீர்கள்.

பழைய சேர் வாங்குவது கெட்டிக்காரத்தனம்தான், சோதித்து வாங்கினால். முழு உயரத்துக்கு ஏற்றி பத்து நிமிடம் உட்காருங்கள்; மெல்ல இறங்கினால் இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர் போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாம், அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள். முட்டியால் இருக்கையை அழுத்தும்போது அடியில் பலகை தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது. தையல் ஓரங்களில் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வெக்கைக்கு ஏர் கூலர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோர ஈரக்காற்றில், அதுவும் மூடிய அறையில், கூலர் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். வியர்வை காயாது, புழுக்கம் கூடும். இங்கே மின்விசிறியே மேல். நாளுக்கு 9 மணி நேரம் ஓடினால் 75 வாட் பழைய மின்விசிறி இரண்டு மாத பில்லில் 40 யூனிட் இழுக்கும், 28 வாட் பிஎல்டிசி விசிறி (மின்சாரம் மிச்சமாகும் புதுவகை மோட்டார் உள்ளது) 15 யூனிட்தான். விசிறிக் காற்று நேராகக் கண்ணில் பட்டால் கண் வறளும், பக்கவாட்டில் வையுங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் சாலைப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறப்பது மேல்.

எந்த இருக்கையானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்தாக வேண்டும். பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்தால் எழாமல் இருக்க முடியாது. வலி காலுக்கோ கைக்கோ இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ சேரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் காட்டுங்கள். மலம், சிறுநீர் கட்டுப்பாடு திடீரென்று தவறினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.