துணை வழி தவறியபின்: சேர்ந்து வாழ்வதா, மணவிலக்கா?

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் வாழும் என் தங்கை, கணவரின் கைப்பேசிச் செய்திகளைப் படித்த இரவில் தாலியைக் கழற்றிச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப்போல் தவிப்போருக்காகத் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை ஒட்டி இதை எழுதுகிறேன்.

சட்டம்: 1979ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டப்படி, மண உறவு மீட்க இயலாதவாறு முறிந்தது என்று காட்டினால் போதும், துணை வேறொருவரோடு கொண்ட உறவு அதற்கு ஒரு சான்று மட்டுமே. சேர்ந்து வாழ வழக்கே வேண்டாம். இடையில் வந்தவரிடம் இழப்பீடு கேட்கும் வழியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் அடைத்துவிட்டதால், அதற்காகப் பணத்தை இறைக்காதீர்கள்.

சொத்து: மணவிலக்கில், தவறிழைத்தவர் மணத்தால் அடையும் பலன்களை இழக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம்; ஆனால் மணவாழ்வின் கால அளவையும் முறிவின் சூழலையும் எடைபோட்டே அதைச் செய்யும். சேர்ந்து வாழ்வோர், இருவருக்கும் பொதுவான சொத்தைப் பிரிக்க இருவருமாக உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பலருக்கும் தெரியாத இந்த வழி, நம்பிக்கை ஆட்டங்கண்டவர்களுக்குப் பெரும் பாதுகாப்பு என்பது என் கருத்து.

செலவு: உடன்பட்ட மணவிலக்கு மலிவு, வழக்காடினால் சேமிப்பு கரையும். சேர்ந்து வாழ்வதில், சொத்தைப் பிரிக்க விண்ணப்பிக்காவிட்டால், ஆலோசகர் கட்டணம் மட்டுமே.

பிள்ளைகள்: அவர்களுக்கான ஏற்பாடு திருப்தி தராதவரை நீதிமன்றம் மணவிலக்கு அளிக்காது. சேர்ந்திருந்தால் வீடு மாறாது, ஆனால் நாள்தோறும் சண்டையென்றால் அவர்களே முதலில் வாடுவர்.

கோயிலில் மட்டும் மணந்து பதிவு செய்யாதவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

தவறை ஒப்புக்கொண்டு அந்த உறவை அறுத்த துணையோடு சேர்ந்து வாழ முயலலாம். மறுத்துப் பேசி மீண்டும் மீண்டும் தவறுபவரிடமிருந்தும், கை நீட்டுபவரிடமிருந்தும் விலகுவதே தக்கது.