காசிமேட்டு மாமாவும் 'தி திங்' டிஸ்க்கும்

ஜான் கார்பென்டர் இயக்கிய 'தி திங்' திகில் படத்தின் புளூ-ரே டிஸ்க் பர்மா பஜாரில் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. டப்பாவின் ஓரத்தில் விரிசல், ஆனால் டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. தமிழ் சப்டைட்டில் கிடையாது, அது ஒன்றுதான் குறை. சனிக்கிழமை ராத்திரி காசிமேட்டில் மாமா வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டோம்.

யார் உருவத்தையும் எடுக்கக்கூடிய ஒரு வேற்றுக்கிரகப் பிராணி அண்டார்டிகா முகாமுக்குள் புகுந்துவிடுகிற கதை. தொடக்கத்தில் ஹெலிகாப்டரில் வந்து ஒரு நாயைத் துரத்தித் துரத்திச் சுடுகிறார்கள். "வாயில்லா ஜீவன ஏன்டா சுடறானுங்க?" என்று மாமா பதறினார், அரை மணி நேரம் கழித்து கூண்டுக்குள் அந்த நாய் உருமாறும் காட்சி வந்ததும் பேச்சே இல்லை. மாமா மீன் வைக்கிற குளிர் அறையில் பல வருஷம் வேலை பார்த்தவர், அதனால் நடிகர்கள் வாயிலிருந்து வரும் புகையைத்தான் முதலில் கவனித்தார், "இது நெசக் குளிருடா" என்றார். உண்மைதான் மாமா, லாஸ் ஏஞ்சலஸ் வெயிலில் செட்டுக்குள் குளிரூட்டித்தான் அண்டார்டிகா முகாமின் உள்காட்சிகளை எடுத்தார்கள் என்று சொன்னேன்.

உருமாறும் பிராணிகளைச் செய்த ராப் போட்டின் வேலையைத் தொடங்கும்போது அவருக்கு 22 வயதுதான். இப்படிப்பட்ட பிராணிகளைக் கம்ப்யூட்டரில் உருவாக்க முடியாத காலம், எல்லாம் ரப்பரும் பசையும் கம்பியும். ஓய்வே இல்லாமல் உழைத்து, கடைசியில் களைப்பில் ஆஸ்பத்திரியிலேயே சேர வேண்டியதாகிவிட்டது. வெட்டுப்பட்ட தலை கால் முளைத்துத் தரையில் நடக்கும்போது அதன் ஈரப் பளபளப்பு வரைக்கும் இந்த டிஸ்க்கில் தெரிகிறது.

ஆனால் என்னை ஆட்டிப் படைத்தது ரத்தப் பரிசோதனைக் காட்சி. நாயகன் கர்ட் ரஸ்ஸல் ஒரு கம்பியைக் காய்ச்சி, ஒவ்வொருவருடைய ரத்தத்திலும் வைக்கிறார், 'சுர்' என்று ஒரு சத்தம், அடுத்த கிண்ணம், மறுபடி 'சுர்', பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மனுஷனா இல்லையா என்ற அந்தச் சந்தேகம்தான் படத்தின் உயிர், மாமா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட படத்தை 1982 ஜூன் 25 அன்று வெளியானபோது யாரும் சீந்தவில்லை. இரண்டு வாரம் முன்னால் வந்த 'ஈ.டி.' வேற்றுக்கிரகவாசி என்றாலே பாசம் பொங்கும்படி செய்திருந்தது, அதே நாளில் 'பிளேடு ரன்னர்' வேறு. 1.5 கோடி டாலர் செலவு, அமெரிக்க வசூல் 2 கோடியைத் தொடவில்லை. இதயத் துடிப்பு மாதிரி அடிக்கிற என்னியோ மோரிகோனியின் இசையை மோசமான இசைக்கான ராஸி என்ற கேலி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள், நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அப்புறம் வீடியோ கேசட்டும் டிவியும்தான் படத்தைத் தூக்கி நிறுத்தின.

நல்ல ஸ்பீக்கர் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். கடைசியில் கர்ட் ரஸ்ஸலும் சைல்ட்ஸ் என்ற பாத்திரமும்தான் மிஞ்சுகிறார்கள், அவர்களில் யார் மனுஷன் என்று படம் சொல்வதில்லை, நாங்கள் விடிய விடிய அதைத்தான் பேசினோம். மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போதுகூட மாமா செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த சைல்ட்ஸ் மேலதான்டா எனக்கு டவுட்டு" என்றார்.