முட்டி ஜவ்வு: வெட்டுவதா, தைப்பதா?

எங்கள் பக்கம் முட்டிக்குள் எது அறுந்தாலும் "ஜவ்வு போயிடுச்சுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு டர்ஃப் மைதானம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கால்பந்து ஆட்டம். பந்தை நிறுத்தித் திரும்பினேன். பூட் தரையைக் கவ்விக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மறுநாள் காலையில் இடது காலை நீட்ட வரவில்லை. பாதி மடங்கிய நிலையில் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது.

ஸ்கேனில் லிகமெண்ட், அதாவது எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நார், நன்றாகவே இருந்தது. கிழிந்தது மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று இருக்கும் மெத்தை அது. அதற்கு இரண்டு வழி சொன்னார்கள். சரியாகச் சொன்னால், முதலில் போன ஆஸ்பத்திரியில் ஒரு வழிதான் சொன்னார்கள்: "கிழிஞ்சதை வெட்டி எடுத்துடலாம், அடுத்த மாசம் ஆடலாம்." தைக்கவும் முடியும் என்பது இரண்டாவது டாக்டரிடம் போன பிறகுதான் தெரிந்தது.

என் பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, இதே விஷயத்துக்கு ஐந்து வருடம் முன்னால் வெட்டிக்கொண்டவர். நான் தைத்துக்கொண்டு இரண்டரை வருடம் ஆகிறது. ஆக இது ஒரே குடும்பத்து இரண்டு முட்டிகளின் கதை. நான் தையல் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெட்டுவதன் லாபம் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு சின்ன ஓட்டை, உள்ளே கேமரா, கிழிந்த துண்டைக் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். ஓரிரு நாளில் நடை, நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆட்டம். 1994 உலகக் கோப்பையில் நார்வேயுடன் ஆடியபோது இத்தாலியின் பிராங்கோ பரேசிக்கு மெனிஸ்கஸ் கிழிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டு, ஜூன் 23இல் விழுந்தவர் ஜூலை 17 இறுதிப் போட்டியில் பிரேசிலுக்கு எதிராக 120 நிமிடம் ஆடினார். 2014இல் உருகுவேயின் லூயிஸ் சுவாரஸுக்கு மே 22 அன்று ஆபரேஷன், ஜூன் 19 அன்று இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஏன் இந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது எனக்கு நம் ஊர் மைதானத்தை நினைத்தால்தான் புரிகிறது. கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அணி, 2019 மார்ச் 9இல் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டத்தை எடுத்தது. கேலரியில் தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்த சீசன் தொடங்கியது முந்தைய அக்டோபர் கடைசியில். மொத்தமே ஐந்து மாதம்கூட இல்லை. மெனிஸ்கஸைத் தைத்தால் ஆட்டத்துக்குத் திரும்ப ஐந்து, ஆறு மாதம். அப்படி ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆடுகிற பையனுக்கு, தையல் என்றால் முழு சீசனும் போச்சு, அடுத்த ஒப்பந்தமும் சந்தேகம். அவன் வெட்டச் சொன்னால் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் வெட்டிய மெத்தை திரும்ப வளராது. முழு மெனிஸ்கஸையும் எடுத்தால் மேல் எலும்பும் கீழ் எலும்பும் பாரம் பகிர்ந்துகொள்ளும் பரப்பு பாதிக்கு மேல் சுருங்கிவிடும். அதே எடை சின்ன இடத்தில் இறங்கும்போது எலும்பு முனையில் இருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேயும். வெளிப்பக்க மெனிஸ்கஸ் போனால் தேய்மானம் இன்னும் வேகம். 1948லேயே ஃபேர்பேங்க் என்ற டாக்டர் மெனிஸ்கஸ் எடுத்த முட்டிகளின் எக்ஸ்ரேயில் இந்த மாற்றங்களைப் பார்த்து எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் பல வருடம் முழுசாக எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இத்தனைக்கும் 1883லேயே எடின்பரோவில் தாமஸ் அனாண்டேல் என்பவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மெனிஸ்கஸைத் தைத்துக் காட்டியிருந்தார். தையல் ஒன்றும் புது நாகரிகம் இல்லை.

குருத்தெலும்பு தேய்ந்த முட்டியோடு ஆடுவது எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்பில் ஆடிய லெட்லி கிங் போதும். கடைசி சில வருடங்கள் வாரம் முழுக்க அணியோடு பயிற்சியே கிடையாது. நீச்சல், ஜிம், பிறகு நேராகப் போட்டி. ஆடி முடித்ததும் முட்டி வீங்கும், வீக்கம் இறங்க அடுத்த போட்டி வந்துவிடும். 2012இல் 31 வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்களிடம் முட்டித் தேய்மானம் மற்றவர்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். அதற்கு ஈடாக அவர்களுக்குச் சம்பளமாவது கிடைத்தது. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் எனக்கு அடுத்த மாத டர்ஃப் ஆட்டத்துக்காக யார் என்ன தரப்போகிறார்கள்?

சரி, அப்போ எல்லோரும் தைத்துக்கொள்ளலாமே என்றால், முடியாது. உட்பக்கமோ வெளிப்பக்கமோ, எந்த மெனிஸ்கஸ் ஆனாலும் அதன் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் ஒட்டும். உள் ஓரத்தில் நைந்து கிழிந்தால் தைத்தாலும் ஒட்டுவது கஷ்டம். எனக்கு வெளி ஓரமாக நீளவாக்கில் கிழிந்து, துண்டு நடுவில் புரண்டு கிடந்தது. காலை நீட்ட முடியாமல் போனதும் அதனால்தான். அண்ணனுக்குக் கிழிந்தது உள் ஓரம். அவருக்கு வெட்டியது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். ஆறாவது வாரமே ஆடினார், இன்றைக்கும் ஆடுகிறார். ஆட்டம் முடிந்த ராத்திரி ஐஸ் வைக்காமல் தூங்குவதில்லை, அவ்வளவுதான். அதற்கு வெட்டியதுதான் காரணமா, நாற்பதைத் தொடும் வயதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இனி நான் முக்கியமாக நினைப்பது. தையலா வெட்டா என்பதை அந்த ஒரு மணி நேர ஆபரேஷனை வைத்து முடிவு செய்யக்கூடாது. அதற்குப் பின்னால் வரும் ஆறு மாதப் பராமரிப்பை உங்கள் வீடு தாங்குமா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு முதல் ஆறு வாரம் முட்டியில் கட்டும் பிரேஸும் இரண்டு ஊன்றுகோலும். 90 டிகிரிக்கு மேல் முட்டி மடங்கக்கூடாது. இது காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். எங்கள் வீட்டில் இருந்தது இந்தியன் டாய்லெட். ஆபரேஷனுக்கு முந்தின வாரமே கொத்தனாரை வரவைத்து மாற்றினோம். படுக்கை மாடியில் இருந்து கீழே வந்தது. ஸ்கூட்டர் கிடையாது, கம்பெனிக்குத் தம்பிதான் கொண்டுபோய் விட்டான். அதுவும் முதல் மூன்று வாரம் சம்பளமில்லா லீவுக்குப் பிறகு. அந்த நேரம் பார்த்து வரிசையாகக் கல்யாண முகூர்த்தம். மண்டபத்தில் மேஜைப் பந்தி, தப்பித்தேன். ஆனால் சொந்தக்காரர் தோட்டத்துச் சாளையில் நடந்த கிடா விருந்தில் எல்லோரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார, நான் மட்டும் பிளாஸ்டிக் சேரில் தட்டோடு. அம்முச்சி பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, உங்க தாத்தனுக்கு எழுபது வயசுலகூடச் சேர் வேண்டியிருக்கலியே" என்றார்.

சம்மணம், குத்தவைத்து உட்காருவது இரண்டுக்கும் நான்கு மாதம் தடை. ஆழமாக மடங்கும்போது மெனிஸ்கஸின் பின்பகுதி நசுங்கும், தையல் பிரியும். மேற்கத்திய ஆட்டக்காரருக்கு இந்தக் கட்டுப்பாடு ஒன்றுமே இல்லை. நமக்குச் சாமி கும்பிடுவதில் இருந்து கீரை ஆய்வதுவரை தரையில்தான். சென்னிமலைக்குப் படியேறும் வேண்டுதலையும் தள்ளிப்போட்டேன். 1,320 படியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வேலை.

அப்புறம் தொடை. பத்தே நாளில் சூம்பிப் போகும். பார்க்கவே பயமாக இருக்கும். பிசியோ அம்மா முதல் நாளே ஒரு வேலை வைத்தார்: முட்டிச் சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி வாரம் ஒருமுறை இரண்டு தொடையையும் அளந்து எழுத வேண்டும். திருப்பூர்க்காரனுக்கு இஞ்ச் டேப்புக்கா பஞ்சம்? கம்பெனி சாம்பிள் செக்ஷன் டேப்பால் அளந்தேன். ஐந்தாவது வாரம் இடது தொடை நான்கு சென்டிமீட்டர் குறைவு. மூன்றாம் மாதம் சைக்கிள், நான்காம் மாதக் கடைசியில் மெல்லோட்டம், ஏழாம் மாதம்தான் பந்து. மொத்தம் 52 முறை பிசியோ, ஒரு முறைக்கு 400 ரூபாய் என்று 20,800. இன்சூரன்ஸ் ஆபரேஷனுக்குக் கொடுத்தது, இதற்குப் பைசா கொடுக்கவில்லை.

இந்த ஆறு மாதத்தை ஒருவரால் ஒதுக்க முடியாது என்றால், தினக்கூலி, தறி ஓட்டுகிறவர், தென்னை ஏறுகிறவர், அவருக்குத் தையலைச் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வராது. பாதியில் விட்ட பராமரிப்பு என்றால் தையலும் பிரிந்து, பின்னால் வெட்டவும் வேண்டிவரும். இரண்டு செலவு.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் உத்தரவாதம் கிடையாது. தைத்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, சில வருடம் போனால் இன்னும் சற்று அதிகம், ஒட்டாமலோ மறுபடி கிழிந்தோ போகிறது. பார்சிலோனாவின் அன்சு ஃபாட்டிக்கு 2020 நவம்பரில் மெனிஸ்கஸ் கிழிந்தபோது வயது 18. நான்கு மாதத்தில் திரும்புவார் என்றார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆபரேஷன் ஆகி, 2021 செப்டம்பர் கடைசியில்தான் மைதானத்தில் இறங்கினார். அந்த கிளப்பில் இல்லாத வசதியா? என் முட்டியும் இரண்டரை வருடம்தான் பார்த்திருக்கிறது. தையலின் உண்மையான பலன் பதினைந்து வருடம் கழித்துத் தெரிய வேண்டியது. அதை இப்போதே கொண்டாடினால் பொய்.

நாற்பது தாண்டி, அடிபடாமலே தேய்ந்து கிழிந்தவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. 2013இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மெனிஸ்கஸை வெட்டினார்கள், மீதிப் பேருக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் முதலில் பிசியோவிடம் போகலாம்.

ஒரு நடைமுறை விஷயம். ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தைக்க முடியுமா என்பது கேமரா உள்ளே போன பிறகுதான் உறுதியாகும். அதனால் ஒப்புதல் படிவத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்: முடிந்தால் தையல், முடியாவிட்டால் குறைந்தபட்ச வெட்டு. தையல் சாமான் அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் தயாராக இருக்குமா என்று முந்தின நாளே கேளுங்கள். நான் கேட்டபோது வார்டு நர்ஸ் சிரித்தார், ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து "இருக்குதுங்க" என்றார்.