பெல்பாட்டம் பிழைத்தது, விக் பிழைக்கவில்லை: குடும்ப ரெட்ரோ உடை செட்டோடு சில ஆண்டுகள்

கொரோனா ஊரடங்கெல்லாம் ஓய்ந்து விழாக்கள் மறுபடி களைகட்டிய சமயத்தில், குடும்பத்தில் நான்கு பேருக்குமான ரெட்ரோ உடை செட் ஒன்றை இணையத்தில் வாங்கினோம். கணவருக்கு பெல்பாட்டம் பேண்ட், பெரிய காலர் வைத்த பூப்போட்ட சட்டை. எனக்குச் சிவப்பில் வெள்ளைப் பொட்டு போட்ட புடவை, பஃப் கை ரவிக்கை. மகனுக்கு அப்பாவின் உடையே சின்ன அளவில். மகளுக்குப் பொட்டு போட்ட கவுன். இவை போக விக், குளிர்க்கண்ணாடி, ரிப்பன், வெள்ளை பெல்ட், ஒட்டிக்கொள்ளும் கிருதா என்று ஒரு பை நிறைய உதிரிச் சாமான்கள். எல்லாம் சேர்ந்து ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது.

அலுவலக ஆண்டு விழா, குடியிருப்பில் பொங்கல் கொண்டாட்டம், பள்ளியில் மாறுவேடப் போட்டி, திருமண வரவேற்பு, கடைசியாக மாமாவுக்கு எழுபதாம் வயதில் நடத்திய பீமரத சாந்தியன்று மாலை நடந்த குடும்ப நிகழ்ச்சி எனப் பல மேடைகளை இந்தத் துணிகள் பார்த்துவிட்டன. இத்தகைய உடைகளுக்கு வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் பார்சலைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படுபவை. படத்தில் அழகாகத் தெரிகிறதா என்பதோடு அவை நின்றுவிடும். மதுரை மே மாதத்தில், குளிர்சாதனம் பாதி வேலை செய்யும் மண்டபத்தில், மூன்றாவது மணி நேரத்தில் அது உடம்பில் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

பெல்பாட்டத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தச் செட்டில் கொடுத்த காசுக்கு முழுதாக ஈடு செய்தது அது ஒன்றுதான். துணி டெரிகாட்டன், அதாவது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. தொடையில் ஒட்டி, முழங்காலுக்குக் கீழே விரிந்து, பாதத்தில் 28 இஞ்ச் சுற்றளவுக்கு வந்து நிற்கிறது. ஜிப், கொக்கி, பட்டி எல்லாம் அன்றாடம் போடும் பேண்ட்டைப் போலவே தைத்திருக்கிறார்கள். மேடை உடை என்று அசட்டையாக விடவில்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. பெல்பாட்டத்தின் கால் நுனி தரையோடு இழுபடும். மண்டபத்துக் கைகழுவும் இடத்தில் ஈரம் உறிஞ்சும், படியேறும்போது குதிகாலில் மிதிபடும். இரண்டு விழாக்களுக்குள் பின்பக்க மடிப்பு நைந்து நூல் தொங்க ஆரம்பித்துவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தையற்காரர்களில் ஒருவரிடம் கொண்டுபோனேன். மதுரைக்காரர்களுக்கு இவர்களைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வேடம் கட்டுகிறவர்களின் பளபளக்கும் உடைகள் இவர்கள் கையில் தைத்தவைதான். மண்டபத்தைச் சீரமைப்பதற்காகக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும் பலர் பழைய பெயரைச் சொல்லித்தான் தேடி வருகிறார்கள். அந்தப் பெரியவர் பேண்ட்டின் காலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடியில் ஜிப் வைக்கவில்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒரு பித்தளை ஜிப்பை எடுத்து, இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் கால் மடிப்பின் உட்புறத்தில் பற்கள் மட்டும் தரையைத் தொடும்படி வைத்துத் தைத்தார். தேய்வதெல்லாம் பித்தளை, துணிக்கு ஒன்றும் ஆகாது. எழுபதுகளில் பெல்பாட்டம் தைத்தவர்கள் இப்படித்தான் செய்தார்களாம். மாமாவும் அதை ஆமோதித்தார். நடக்கும்போது சிமெண்ட் தரையில் லேசான உரசல் ஒலி கேட்கும், அவ்வளவுதான். அதன் பிறகு கால் நுனியில் ஓர் இழைகூடப் பிரியவில்லை.

சட்டை வேறு கதை. துணி முழு பாலியஸ்டர். அச்சிட்ட பூக்கள் இன்று வரை மங்கவில்லை, அது உண்மை. ஆனால் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொள்ளும் என்றால், பாலியஸ்டர் ஒரு சதவீதம்கூட வாங்காது. வியர்வை துணிக்குள் போகாமல் முதுகில் வழிந்துகொண்டே இருக்கும். ஆட்டம் பாட்டம் என்றால் கணவர் அரை மணிக்கு ஒரு முறை வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார். நாய்க்காது போன்ற காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டியிருந்த கேன்வாஸ் சில துவைப்புகளில் பசை விட்டு, இஸ்திரி போட்டால் குமிழி குமிழியாக எழும்பியது. காலரைப் பிரித்து, ஒட்டாத கேன்வாஸ் வைத்துத் தைத்து வாங்கிய பிறகுதான் அது காலர் மாதிரி நின்றது.

என் புடவையைப் பற்றி அத்தை ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "ஏம்மா, இதை எங்கள் காலத்தில் யார் கட்டினார்கள்? சினிமாவில் கட்டினார்கள்." அத்தையும் மாமாவும் 1979இல் திருமணம் செய்துகொண்டவர்கள். அவர்களுடைய கறுப்பு வெள்ளைப் படத்தில் மாமா அகலக் காலரும் பெல்பாட்டமும் போட்டு நிற்கிறார். அத்தை சாதாரணப் பட்டுப்புடவை, நடுவகிடு, தோளில் வழியும் மல்லிகை. பஃப் கையும் இல்லை, பொட்டுப் புடவையும் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டில் கட்டியது வாயில் எனப்படும் மெல்லிய பருத்திப் புடவை. கொஞ்சம் வசதி இருந்தால் நைலக்ஸ் என்ற நைலான் புடவை. துவைத்து உதறினாலே காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம் என்பதற்காகவே நைலக்ஸுக்கு அத்தனை மவுசு என்று அத்தை சொல்வார்.

விற்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பஃப் கை ரவிக்கை ஐம்பதுகளில் ஓடியது, பிறகு எண்பதுகளில் திரும்பி வந்தது. பெல்பாட்டம் எழுபதுகளின் உடை. ஆக, பெட்டியின் மேல் ஜோடியாகச் சிரிக்கும் தம்பதியரில் கணவன் 1975ஆம் ஆண்டுக்காரர், மனைவி 1955 அல்லது 1985. இருவரும் சந்தித்துக்கொள்ளவே வழியில்லை. கேளிக்கைக்குப் போடுவதில் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பார்வையாளர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தை வாழ்ந்து முடித்தவர்களாக இருக்கும் குடும்ப விழாவில் அது எடுபடுவதில்லை. பீமரத சாந்தி மாலையில் அத்தை தன் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த அரக்குச் சுங்குடிப் புடவையைத்தான் கட்டினேன். பொட்டு வேண்டும் என்றால் சுங்குடியை விடப் பொட்டு எதில் இருக்கிறது? சௌராஷ்டிர சமூகத்தினர் நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துச் செய்த மதுரைக் கைவேலை அது. 2005இல் புவிசார் குறியீடும் பெற்றது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி அச்சிட்டதுதான். கையால் முடிச்சிட்டது என்றால் ஒரு பொட்டைப் போல இன்னொரு பொட்டு இருக்காது. அன்று பெரியவர்கள் வரிசையாக வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்துப் பேசினார்கள். செட்டில் வந்த புடவைக்கு அந்த யோகம் ஒரு நாளும் வாய்க்கவில்லை. அது இப்போது மகளின் பொம்மைகளுக்குத் திரைச்சீலை.

குழந்தைகள் உடையில் விற்பனையாளர் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறார். உள்மடிப்பு அறவே இல்லை. பிரித்து விட்டு ஓர் ஆண்டு ஓட்டலாம் என்றால் பிரிப்பதற்குத் துணியே கிடையாது. மகளின் கவுனுக்குள் இருந்த முரட்டு வலை, இடுப்பைச் சுற்றிச் சிவக்கச் சிவக்கக் குத்தியது. மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து லைனிங் கொடுத்த பிறகுதான் போட்டுக்கொண்டாள். முதுகில் வைத்திருந்த வெல்க்ரோ அந்த வலையையே கவ்விக் கிழித்ததால், அதை எடுத்துவிட்டுக் கொக்கி வைத்தேன். மகனின் பெல்பாட்டம் அவனுக்குப் பின் திருநெல்வேலியில் இருக்கும் நாத்தனார் மகனுக்குப் போய், அங்கும் ஒரு மாறுவேடப் போட்டியில் ஏறி இறங்கி, நல்லபடியாகத் திரும்பி வந்திருக்கிறது.

உதிரிச் சாமான்களில் தேறியது கண்ணாடியும் ரிப்பனும் மட்டும். விக் செயற்கை இழை. ஒரு முறை வியர்த்தாலே கழுத்துப் பக்கம் சிக்கு விழுந்துவிடும். குளிர்ந்த நீரில் துணிகளுக்கான கண்டிஷனரைக் கலந்து ஊறவைத்து, நுனியிலிருந்து மேலாகச் சீவினால் ஓரளவு சரியாகும். சூடு மட்டும் ஆகவே ஆகாது. பிறகு அதுவும் பலிக்காமல் தூக்கிப் போட்டோம். வெள்ளை பெல்ட் செயற்கைத் தோல், ஒரு மழைக்காலம் முடிந்ததும் செதில் செதிலாக உரிந்தது. தனியாக வாங்கிய உயரமான அடி வைத்த ஷூவும் அப்படியே. பரணில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, எடுத்துப் போட்டு நான்கு அடி வைத்ததும் அடிப்பகுதி பொடியாகக் கொட்டியது. பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதையும், அணியாமல் பூட்டி வைத்தாலும் தப்பாது. கிருதாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முதல் நாளே சாம்பாரில் விழுந்தது.

ஒரே ஒரு விழாவுக்கு என்றால் வாங்கவே வேண்டாம். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவுக்கு உடை கொடுக்கும் கடைகள் வாடகைக்குத் தருகின்றன. மற்ற ஊர்களிலும் பள்ளி விழாக்களை நம்பியே நடக்கும் வாடகைக் கடைகள் உண்டு. முன்பணம் கட்டிவிட்டு எடுத்துவந்து, முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடிக்கடி விழா வரும் வீடு என்றால் செட்டாக வாங்காமல் பெல்பாட்டத்தை மட்டும் வாங்கலாம், அல்லது டெரிகாட்டன் எடுத்துத் தைத்துக்கொள்ளலாம். அளவு கொடுக்கும்போது விழாவுக்குப் போடப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள், வெறுங்காலில் கொடுத்தால் நீளம் கட்டாயம் பிசகும். பிள்ளைகளுக்கு ஓர் அளவு பெரிதாக எடுத்து மடித்துத் தைப்பது நல்லது. மடித்து வைக்கும்போது அந்துருண்டையைத் துணியில் படும்படி போடாதீர்கள், பிளாஸ்டிக் பொத்தான்களில் சிலவற்றை அது இளக்கிவிடும். காய்ந்த வேப்பிலை போதும்.

கணவரின் அலுவலகத்தில் இந்த ஆண்டு விழாவுக்கு எண்பதுகள் என்று அறிவித்திருக்கிறார்கள். ஜிகினா வைத்த டிஸ்கோ ஜாக்கெட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன், பேண்ட் நம்மிடமே இருக்கிறது.