499 ரூபாய் கட்டி சிவகங்கையைத் தேடினேன்: ஒரு தேர்தல் ஆப் விமர்சனம்

தேர்தல் வாடை அடித்தால் போதும், தொகுதி வரலாறு சொல்கிறேன் என்று ஆப்கள் முளைத்துவிடுகின்றன. அதில் ஒன்றுக்கு வருஷச் சந்தா 499 ரூபாய் கட்டிப் பார்த்தேன். பெயர் வேண்டாம், இதே ரகத்தில் இன்னும் நாலைந்து கிடக்கின்றன, எல்லாம் ஒரே அச்சுதான். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் ஒரு வரைபடத்துக்காக.

சோதித்துப் பார்க்க சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துக்கொண்டேன். கண்மாயும் கருவேலமுமாகக் கிடக்கிற கிராமத்துத் தொகுதி, ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு இது "சிதம்பரம் தொகுதி", அதோடு சரி. ஆப்பும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. முதல் பக்கத்தில் வெற்றியாளர் பட்டியல்: 1967, 1971 திமுகவின் தா.கிருட்டிணன், 1977 அதிமுக, 1980 இந்திரா காங்கிரஸின் ஆர்.வி.சுவாமிநாதன், அப்புறம் 1984 தொடங்கி 1998 வரை ஐந்து முறை தொடர்ந்து ப.சிதம்பரம். அத்தனைக்கும் ஒரே காங்கிரஸ் நிறம் அடித்திருக்கிறார்கள்.

இங்கேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. 1996-இலும் 1998-இலும் அவர் நின்றது கை சின்னத்தில் இல்லை, தமாகாவின் (தமிழ் மாநில காங்கிரஸ்) சைக்கிள் சின்னத்தில். நரசிம்ம ராவ் அதிமுகவோடு கூட்டணி என்று அறிவித்ததும் மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்து தமாகாவைத் தொடங்கியது தமிழ்நாட்டு அரசியலில் எவ்வளவு பெரிய சங்கதி, அதை ஒரு நிறப் பட்டையால் மூடிவிட்டால் எப்படி? 1998-இல் அதிமுக, பாஜக அணி முப்பது இடங்களை அள்ளிக்கொண்டு போனபோது தமாகாவுக்குத் தேறியது மூன்றே மூன்று இடங்கள், அதில் ஒன்று சிவகங்கை. பட்டியலைப் பார்ப்பவருக்கு இது எதுவுமே தெரியாது. அவர்களுக்கு எழுதினேன், "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, நிறம் மாறவில்லை.

அடுத்து 1999. அதை அழுத்தினால் காங்கிரஸின் சுதர்சன நாச்சியப்பன் வெற்றி என்று ஒரு அட்டை விரிகிறது, போட்டோ, வாக்கு, அவ்வளவுதான். இரண்டாம் இடம் பார்க்க இன்னொரு தட்டு, மூன்றாம் இடம் பார்க்கவே முடியாது. அந்தத் தேர்தலில் கதையே மூன்றாம் இடத்தில்தான் இருக்கிறது ஐயா. திமுக பாஜக பக்கம் போய்விட, தமாகா தனி அணி கட்டி நின்றது. நாடறிந்த முன்னாள் நிதியமைச்சர் சிதம்பரம் தன் சொந்தத் தொகுதியில் மூன்றாமிடத்துக்குப் போனார். இரண்டாவது வந்தது பாஜகவின் எச்.ராஜா. எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் கூட்டணி இல்லாவிட்டால் இந்த மண்ணில் கரை சேர முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, அதை ஆப் விழுங்கிவிட்டது.

மகனுக்கும் அதேதான் நடந்தது. 2014-இல் திமுக, அதிமுக, காங்கிரஸ், பாஜக நாலும் தனித்தனியாக முறுக்கிக்கொண்டு நின்ற தேர்தலில் அதிமுகவின் பி.ஆர்.செந்தில்நாதன் 4,75,993 வாக்கு வாங்கி ஜெயித்தார், வித்தியாசம் 2,29,385. கார்த்தி சிதம்பரம் வாங்கியது 1,04,678, நாலாவது இடம், டெபாசிட் போச்சு. மூன்றாவது வந்த எச்.ராஜாவுக்கும் டெபாசிட் மிஞ்சவில்லை. ஐந்தே வருஷம் கழித்து அதே கார்த்தி, அதே ராஜா, ஆனால் இந்த முறை திமுக கார்த்தியோடு, அதிமுக ராஜாவோடு. 5,66,104-க்கு 2,33,860. ஆள் மாறவில்லை, கூட இருந்தவர்கள் மாறினார்கள். ஆப்பில் 2014-ஐத் தொட்டால் செந்தில்நாதன், 2019-ஐத் தொட்டால் கார்த்தி, இரண்டுக்கும் நடுவில் பாலமே இல்லை.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வெற்றி வித்தியாசத்தை மட்டும் வருஷவாரியாகக் கோடு போட்டுக் காட்டும் வரைபடம் ஒன்று இருக்கிறது, அது உண்மையிலேயே அருமை. 2014, 2019 புள்ளிகள் உச்சியில் நிற்க, 2009 புள்ளி அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. சிதம்பரம் 3,34,348, அதிமுகவின் ராஜகண்ணப்பன் 3,30,994, வித்தியாசம் வெறும் 3,354. எண்ணிக்கை நாளன்று அவர் தோற்றுவிட்டார் என்றே முதலில் செய்தி ஓடி, பிறகு மாறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். ராஜகண்ணப்பன் உயர் நீதிமன்றம் வரை போனார், அந்த வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அந்த ராஜகண்ணப்பன்தான் பின்னால் திமுகவுக்கு வந்து 2021-இல் அமைச்சரானார், சிதம்பரம் குடும்பத்தோடு ஒரே கூட்டணி மேடை! இந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது நட்சத்திரத்தைக் கொடுத்தேன்.

ஆனால் 2009-இல்தான் ஆப்பின் பெரிய ஓட்டையும் இருக்கிறது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் நடந்த முதல் தேர்தல் அது. திருவாடானை ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது, இளையான்குடி சட்டமன்றத் தொகுதியே காணாமல் போனது, மானாமதுரையும் புதுக்கோட்டைப் பக்கத்து ஆலங்குடியும் உள்ளே வந்தன. புதுக்கோட்டை என்ற நாடாளுமன்றத் தொகுதி ஒழிக்கப்பட்டதில் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றுவரை வருத்தம். இப்போதைய சிவகங்கையில் திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை (தனி) என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆப் என்ன செய்கிறது என்றால் 1984-ஐத் தட்டினாலும் இன்றைய எல்லையைத்தான் மேப்பில் காட்டுகிறது. அப்படியானால் 2004-ஐயும் 2009-ஐயும் பக்கத்தில் வைத்து "காங்கிரஸ் சரிவு" என்று அது போடும் அம்புக்குறிக்கு என்ன மதிப்பு? ஆறில் இரண்டு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர்களே வேறு ஊர்க்காரர் என்றால் சரிவாவது ஏற்றமாவது.

2024-க்கு வருவோம். கார்த்தி 4,27,677, அதிமுகவின் சேவியர் தாஸ் 2,22,013, வித்தியாசம் 2,05,664. பச்சை அம்புக்குறி, "எளிதான வெற்றி" என்று ஒரு வாசகம். மூன்றாவது வந்த தேவநாதன் யாதவ் தனிக் கட்சி வைத்திருப்பவர், தாமரைச் சின்னத்தில் நின்றதால் பாஜக கணக்கில் வருகிறார், 1,95,788 வாக்கு. இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் 4,17,801, கார்த்தியைவிடப் பத்தாயிரத்துக்குள்தான் குறைவு. கூட்டி நின்றிருந்தால் அத்தனையும் ஒரே பெட்டிக்குள் விழுந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, 2019-இல் விழவில்லையே. ஆனால் எளிதான வெற்றி என்று எழுதுகிறவர் அந்த மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். நாலாவது வந்த நாம் தமிழர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதும் அங்கே இல்லை.

மற்றபடி சில்லறைக் குறைகள். காசு கட்டிய பிறகும் விளம்பரம் வருகிறது. தமிழ்ப் பெயர்களை இயந்திரத்தில் போட்டு மாற்றியிருக்கிறார்கள் போல, ஆலங்குடி "அலங்குடி" ஆகியிருக்கிறது. வாட்ஸப்பில் பகிர படம் செய்து தரும் வசதி மட்டும் பட்டுப் பட்டென்று வேலை செய்கிறது, இதற்காகத்தான் மொத்த ஆப்பையும் செய்தார்களோ என்று சந்தேகம்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்பீர்கள். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் 1951-52 முதல் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. நின்ற அத்தனை பேரும், கட்சி, வாக்கு, சதவீதம் என்று வரிசையாக இருக்கும். அலங்காரம் எதுவும் கிடையாது, ஆங்கிலத்தில்தான் இருக்கும், கட்சிச் சுருக்கெழுத்துகள் பழக வேண்டும்: 1980-இல் ஐஎன்சி(ஐ), 1996-இல் டிஎம்சி(எம்), மூப்பனாரின் முதல் எழுத்து அது. ஒருமுறை பழகிவிட்டால் நான் மேலே திட்டிய எல்லாமே அதில் பளிச்சென்று தெரியும். ஊர்வாரியாக, வாக்குச்சாவடிவாரியாக யாருக்கு எவ்வளவு என்று தோண்ட ஆசைப்படுகிறவர்கள் படிவம் 20 தேடுங்கள், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் இருக்கும்.

ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டீர்கள் என்றால் அந்த வித்தியாச வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ஆட்டோபேயை உடனே நிறுத்துங்கள், ஆப்பை அழித்தால் மட்டும் அது நிற்காது, யுபிஐ ஆப்பில் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.