பெட்டியில் 60/55 வாட், உள்ளே 100/90 வாட்: முகப்பு விளக்கு பல்ப் வாங்குவோர் கவனத்திற்கு

கொழும்பில் தமது காரின் முகப்பு விளக்கு பல்பைத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி உதிரிப்பாகக் கடைக்குப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து, பல்பின் உலோக அடிப்பகுதியில் என்ன பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை வாசித்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். மருதானைப் பக்கத்தில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தலைமுறை தலைமுறையாக நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகள் பல உள்ளன. என் வாகனத்துக்கு வேண்டியதை அங்கேதான் வாங்கி வந்திருக்கிறேன், இனியும் வாங்குவேன். ஆனால் அதே வட்டாரத்தில், ஒரு குறுக்குத் தெருக் கடையில் எனக்கு விற்கப்பட்ட பொருள் பணநஷ்டத்தோடு நிற்கக்கூடிய ஒன்றல்ல. கவனிக்காமல் விட்டிருந்தால் அது வண்டியையே எரித்திருக்கும்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய மாருதி ஆல்டோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, என்னைப் போன்ற பலர் இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அந்தக் காலத்தில் உதிரிப்பாகங்களின் விலை ஏறிய விதம் எல்லோரும் அறிந்ததே. இந்த வண்டிக்குப் போடுவது எச்4 வகை பல்ப். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். 60 வாட் இழை தூரம் காட்டும் ஹை பீமுக்கும் 55 வாட் இழை எதிரே வருவோரின் கண் கூசாமல் தாழ்ந்து விழும் டிம்முக்கும் உரியவை. புகழ்பெற்ற ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டி, மினுங்கும் முத்திரைத் தாள், கிழிக்காத ஒட்டு எல்லாவற்றையும் காட்டி, "ஒரிஜினல் சாமான் சேர், இதுக்கு மேல நல்லது இல்ல" என்று சொல்லிச் சாதாரண பல்பைப் போல மூன்று மடங்கு விலை வாங்கினார்கள். பற்றுச்சீட்டில் "பல்ப் 2" என்று மட்டும் எழுதி, கீழே தொகையைப் போட்டார்கள்.

இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் எரிச்சல் தெரியும். ஒரு பக்கத்தில் பேட்டரி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே கை போகும், ஆனால் கையும் கண்ணும் ஒரே நேரத்தில் போகமாட்டா. வருடக்கணக்கில் கழற்றாத மூன்று ஊசிச் சொக்கெட் இறுகிப்போய் அசைய மறுக்கும். பலமாக இழுத்தால் வயர் கையோடு வந்துவிடுமோ என்று பயம். அதன் பின்னால் உள்ள ரப்பர் மூடியைச் சுற்றிவர நெம்பி எடுத்து, கம்பிக் கொக்கியை அழுத்தி விலக்கினால்தான் பழைய பல்ப் வெளியே வரும். புதியதைப் பொருத்தும்போது, அடித்தட்டின் மூன்று காதுகளில் அகலமானது மேலே வருமாறு தடவித் தடவி இருத்தி, கொக்கி நழுவாமல் மாட்ட வேண்டும். ஹலோஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியில் விரல் படக்கூடாது என்பதற்காகக் கையுறை போட்டுக்கொண்டேன். வெள்ளவத்தையின் வியர்வைப் பருவத்தில் அந்தக் கையுறையோடு ஒரு கம்பிக் கொக்கியைத் தேடுவது தனி அனுபவம். எப்படியோ இரு பக்கமும் முறைப்படி பொருந்தின, இரண்டும் எரிந்தன.

அன்றிரவு காலி வீதியில் எதிரே வந்த முச்சக்கரவண்டிக்காரர்களும் பஸ் சாரதிகளும் ஒருவர் விடாமல் எனக்கு விளக்கை அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மதிலுக்கு நேராக வண்டியை நிறுத்திப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டிம் வெளிச்சம் மதிலில் விழும்போது மேல்விளிம்பு கோடு கிழித்ததுபோல் வெட்டி நிற்க வேண்டும். நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால், வீதியோரம் தெரிவதற்காக இடது பக்கத்தில் மட்டும் அந்தக் கோடு சற்று உயர்ந்து போகும். எச்4 பல்பில் இந்த வெட்டைத் தருவது டிம் இழைக்குக் கீழே கரண்டி போல இருக்கும் சின்ன உலோகத் தகடுதான். வெளிச்சம் பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் அது மறைத்துக்கொள்ளும். என் மதிலில் கோடே இல்லை. ஒளி மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தது.

மறுநாள் காலையில் கழற்றியபோது சொக்கெட்டின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஓர் ஊசியைச் சுற்றிப் பழுப்பேறி இளகியிருந்தது. கருகிய வாடையும் வந்தது. பல்பை வெயிலில் திருப்பிப் பார்த்தால், அந்தத் தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தது. அடித்தட்டில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. நகத்தால் தேய்த்துத் தூசியை எடுத்த பிறகு, மங்கலாக 12 வோல்ட், 100/90 வாட் என்று தெரிந்தது.

இது சின்ன வித்தியாசம் அல்ல. 55 வாட் இழை 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 90 வாட் இழை 7.5 ஆம்பியர் இழுக்கும். இணைப்பு ஊசிகளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அந்த இடத்தில் இரண்டரை மடங்குக்கும் மேலான சூடு ஏறுகிறது. பியூஸ் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸுக்கு 7.5 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது பேசாமல் இருக்க, சொக்கெட் உருகிக்கொண்டிருக்கும்.

கடைக்குப் போனேன். பல்பைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, "கண்ணாடியில கை பட்டிருக்கும் சேர், கை பட்டா பல்ப் போயிரும். கரண்ட் சாமானுக்கு நாங்க பொறுப்பு இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்கள். இந்தப் பதிலை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறி, குவார்ட்ஸ் வெண்மையாகப் பூத்தோ கொப்புளித்தோ பல்ப் சீக்கிரம் போய்விடும் என்பது சரிதான். ஆனால் என் பல்புகளின் கண்ணாடி தெளிவாக இருந்தது, இழைகள் நான்கும் முழுசாக இருந்தன. பல்ப் போய்விட்டது என்று நான் முறையிடவே இல்லை. அது எரிந்த விதம்தான் பிரச்சினை. கை பட்டால் தகடு சாயாது, 55 வாட் 90 வாட் ஆகாது. இதைச் சொன்னபோது, பெட்டியை மாற்றி நானே வேறு பல்பைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற தொனியில் பேச்சுத் திரும்பியது. பற்றுச்சீட்டில் "பல்ப் 2" என்று மட்டும் ஏன் எழுதினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஐக்கிய நாடுகளின் 37ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதிக்கு அமைந்த பல்பின் அடிப்பகுதியில், ஆங்கில ஈ எழுத்தும் அனுமதி வழங்கிய நாட்டின் இலக்கமும் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். 1 என்றால் ஜேர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அதே இடத்தில் தயாரிப்பாளரின் பெயரும் எச்4 என்ற வகையும் தெளிவாக இருக்க வேண்டும். 12 வோல்ட் எச்4 பல்புக்கு அந்த விதி வகுத்த அளவு 60/55 வாட் மட்டுமே. 100/90 வாட் எதற்கும் அந்த அனுமதி கிடையாது. குறியையும் போலியாகப் பொறிப்பவர்கள் இருப்பார்கள்தான், ஆகவே தகடு நேராக நிற்கிறதா, அடித்தட்டு ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு நீலப் பூச்சுப் பூசி, "வெள்ளை வெளிச்சம்" என்று தருவதையும் நான் வாங்கமாட்டேன். பூச்சு வெளிச்சத்தை விழுங்கும், மழைநாளில் வீதி தெரியாது. ஹலோஜனுக்கு என்று அமைந்த விளக்கில் எல்.ஈ.டி. பல்பைச் செருகிக்கொண்டு எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிப்பவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு போதாது.

பற்றுச்சீட்டில் தயாரிப்பாளரின் பெயர், வகை, வாட் மூன்றையும் எழுதித் தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத மறுக்கும் கடையில் வாங்காமல் வந்துவிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். உருகிய சொக்கெட், பல்புகள், பெட்டி, பற்றுச்சீட்டு ஆகியவற்றின் படங்களை இணைத்து என் முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன். அது விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

சொக்கெட்டை மாற்றியது வாகன மின்வேலை செய்யும் ஒரு தம்பி. வயரின் உறை இன்னும் இளகவில்லை என்று காட்டி, அதை விட்டுவிட்டு ஊசிகளையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் புதிதாகப் போட்டுத் தந்தார். அண்மையில் மருதானைப் பக்கம் மூன்று மடங்கு விலைக்கு எச்4 பல்ப் வாங்கியவர்கள், டிம் போட்டு மதிலில் கோடு விழுகிறதா என்று இன்றிரவே பாருங்கள். விழாவிட்டால் விளக்கை அணைத்து, சூடு ஆறியதும் கழற்றி, பெட்டியையும் பல்பையும் எறியாமல் வைத்திருங்கள்.